பாதியில் நின்ற நாய்க்கதவு

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் மணி. நான் வீட்டுக்குள் நுழைந்தால் வாலை ஆட்டிக்கொண்டு முன்வாசலுக்கே வந்துவிடும் செவலை அன்று வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அவளுக்கென்று வைத்திருக்கும் தானியங்கிக் கதவுக்கு முன்னால் தரையில் மோவாயை வைத்துப் படுத்திருக்கிறாள். கதவுப் பலகை நான்கு விரற்கடை மேலேறி அப்படியே நின்றுபோயிருந்தது. அந்த இடுக்கில் பனிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே மைனஸ் 14 டிகிரி. நான் பெரிய கதவைத் திறந்ததும் எழுந்து, பின்னங்காலை இழுத்து இழுத்துப் போய், படியிறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று அவள் எழுந்திருக்க. எத்தனை மணி நேரம் அடக்கி வைத்திருந்தாளோ தெரியவில்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

செவலைக்குப் பதினொரு வயது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால் நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும். என் மனைவி நர்ஸ், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மகள் பள்ளிக்கூடம் முடிந்து வர நான்கு மணி ஆகும், அன்றைக்கு நீச்சல் வகுப்பு வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் குளிர்காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏம்ப்பா, திண்ணையில கிடந்தா அது பாட்டுக்குப் போய்ட்டு வந்துடுமே" என்றார். திண்ணை இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே அவள் மானத்தோடு இருப்பதற்கு இந்தக் கதவு ஒன்றுதான் வழி. அதனால் அன்றிரவே கழற்ற உட்கார்ந்தேன். நான்கு நாள் வேலை ஆனது. இதே மாதிரிக் கதவு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கதவு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2018-இல் வாங்கியது. நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி. அது நம் காதுக்குக் கேட்காத மீயொலியை விட்டு விட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். கதவின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு உணரிகள் அதைக் கேட்கும். கேட்டதும் மேலே இருக்கும் 12 வோல்ட் மோட்டார் ஓடும். மோட்டாரின் தண்டில் நைலான் பல்சக்கரம், கதவுப் பலகையின் ஓரத்தில் நீளமான பல்பட்டை. சக்கரம் சுற்றச் சுற்றப் பலகை செங்குத்தாக மேலே ஏறும். பலகை எங்கே இருக்கிறது என்பதை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ரீட் சுவிட்சுகள் சொல்லும்; பலகையில் ஒட்டியிருக்கும் காந்தம் பக்கத்தில் வந்தால் அவை மூடிக்கொள்ளும். மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றும் உண்டு. இவ்வளவுதான்.

விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பாதியில் நிற்கிறது என்றதும் எதிர்முனையில் இருந்தவர், கதவை இயக்கும் மின்சுற்று அட்டையான போர்டை மாற்றச் சொல்லி ஒரு விலையும் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, கையில் இருக்கும் தாளைப் பார்த்துப் படிக்கிறார். ஆனால் அளந்து பார்க்காமல் போர்டை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்டில் ஓடுவதும் உரசுவதும் எதுவுமில்லை. ஓடுகிற, உரசுகிற, ஈரம் படுகிற, சூடேறுகிற இடங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அதன் பக்கம் போக வேண்டும்.

முதலில் அடாப்டர். வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12.1 வோல்ட் காட்டியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுமை இல்லாதபோது காட்டும் வோல்ட்டை நம்பவே கூடாது. கதவில் சொருகியபடியே முனைகளில் மீட்டரை வைத்து, மகளைக் கழுத்துப்பட்டையோடு பக்கத்தில் வரச் சொன்னேன். மோட்டார் கிளம்பிய நொடியில் 7.8-க்கு விழுந்தது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றின் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கிடந்தது. அதைச் சொருகினால் 11.9-க்குக் கீழே போகவில்லை. ஆக, அடாப்டர் போய்விட்டது. ஆறேழு வருடம் இரவுபகலாகச் சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்து இப்படித்தான் ஆகும். அதை உடைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இங்கே வரும் 120 வோல்ட் ஏசியை நேராக்கினால் உள்ளே சுமார் 170 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். புதிது வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், முனையின் அளவு மூன்றும் சரியா என்று பார்ப்பதோடு, நடு ஊசி பிளஸ்தானா என்று மீட்டரில் பார்த்துவிட்டே சொருகுங்கள். மாறியிருந்தால் நல்ல போர்டும் அந்த நொடியே போய்விடும்.

அடாப்டர் தளர்ந்தால் பேட்டரி கை கொடுத்திருக்க வேண்டுமே என்று அதையும் அளந்தேன். வெறுமனே 12.2 காட்டியது, மோட்டாரைக் கொடுத்தால் 9-க்கு வந்தது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். 2023 பிப்ரவரியில் தென்கிழக்கு மிச்சிகனில் உறைமழைப் புயல் அடித்து, மரக்கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து கம்பிகள்மேல் விழுந்து, பல லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் வீட்டில் நான்கு நாள் இல்லை. முதல் நாள் முழுக்க இந்தப் பேட்டரிதான் கதவை ஓட்டியது. பிறகு முழுக்கத் தீர்ந்துபோய், தீர்ந்த நிலையிலேயே மூன்று நாள் கிடந்தது. ஈய அமில பேட்டரியை அப்படிக் காலியாகப் போட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிகம் கட்டிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. புதிது வாங்கிப் போட்டுவிட்டு, பழையதைக் கார் உதிரிபாகக் கடையில் கொடுத்தேன். ஈயம் இருப்பதால் அதைக் குப்பையில் போடக் கூடாது.

புது அடாப்டர், புது பேட்டரி. கதவு உற்சாகமாகக் கிளம்பி, முக்கால்வாசி ஏறி, நின்றது. ஒரு நொடி யோசித்த மாதிரி நின்று, மறுபடி கீழே இறங்கியது.

சரி, இனி இயந்திரப் பகுதி. மேல் மூடியின் நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, மோட்டாரைப் பல்பட்டையிலிருந்து விலக்கி, பலகையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். தானாக வழுக்கி வர வேண்டிய பலகை, மழைக்காலத்து மர அலமாரிக் கதவு மாதிரி இறுகி இறுகி வந்தது. முழுக்க உருவித் தரையில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். பலகையின் அடிவிளிம்பில், ரப்பர் பட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், செம்பட்டை முடி ஒரு கொத்து சிக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை. பாதியில் நின்ற கதவுக்குள் அவள் நுழையப் பார்த்திருக்கிறாள், அவள் முதுகில் அது இடித்திருக்கிறது. ஒருமுறை இல்லை, பல முறை.

பல்சக்கரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பற்களே தெரியவில்லை. ஏழு வருடத்து முடி தண்டைச் சுற்றிச் சுற்றி, பம்பரத்தில் கயிறு சுற்றியது போல நெருக்கமாக இறுகி, அதன்மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக, தார் மாதிரி ஆகியிருந்தது. ஊசியால் ஓர் ஓரத்தைக் கிளப்பி, சின்னக் கத்தரியால் நறுக்கி இழுத்தால் வளையம் வளையமாக வந்தது. வெளி வளையங்கள் செம்பட்டை, உள்ளே போகப் போக அடர்ந்த பழுப்பு. அவளுக்கு நான்கு வயது இருந்தபோது இருந்த நிறம். இப்போது அவள் முகமெல்லாம் நரைத்துவிட்டது. அந்த முடியைக் குப்பையில் போட மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

கறுப்புக்குக் காரணம் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் கீச்சுச் சத்தம் வந்தபோது, துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயைப் பலகை ஓடும் பள்ளத்திலும் பல்சக்கரத்திலும் அடித்தேன். சத்தம் அன்றே போய்விட்டது. ஆனால் அந்த எண்ணெய் முழுக்க உலராமல் பிசுபிசுப்பாகத் தங்கி, முடியையும் மண்ணையும் இழுத்து வைத்துக்கொண்டது. பலகை ஓடும் பள்ளத்துக்கு ஈரமான எண்ணெய் எதுவும் வேண்டாம். உலர் சிலிக்கோன் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் பள்ளத்தைத் துடைத்தால் போதும். பல்சக்கரத்துக்கு மட்டும் வெள்ளை கிரீஸ், தீக்குச்சி முனையில் எடுக்கிற அளவு.

பள்ளத்தின் இரு பக்கமும் காற்று வராமல் தடுக்க மயிர்ப்பட்டை ஒட்டியிருக்கும், சின்ன பிரஷ் மாதிரி. அது சுண்ணாம்புக் காரை போல விறைத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது, உப்பு. இங்கே பனி உருகச் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, முன்னூறு மீட்டருக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது; உப்புக்குப் பஞ்சமே இல்லை. நடைபாதை உப்பு அவள் பாதத்திலும் வயிற்று முடியிலும் ஒட்டி, கதவைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பட்டையில் இறங்கியிருக்கிறது. வெந்நீரைத் துணியில் நனைத்து ஒத்தடம் கொடுப்பது போல வைத்து வைத்து எடுத்தேன். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். நான்கு முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. நன்றாக உலர்ந்ததும் பட்டை மறுபடி பூனை முதுகு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

பலகையைத் துடைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அது பாலிகார்பனேட். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற நீல திரவங்கள் பலவற்றில் அமோனியா இருக்கும், அது பட்டால் இந்தப் பிளாஸ்டிக்கில் நூல் நூலாக வெடிப்பு விடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் ஆகாது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற துணி, அவ்வளவே.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தேன். இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த அளவுதான். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மோட்டாருக்குப் போகும் ஒரு கம்பியின் நடுவே வைக்க வேண்டும். முடிந்ததும் கம்பியை மறக்காமல் வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். அப்படியே விட்டு அடுத்ததாக வோல்ட் அளக்கப் போனால் ஷார்ட் ஆகிவிடும். முன்பு 1.4 ஆம்பியர் இழுத்த மோட்டார், சுத்தம் செய்த பிறகு 0.5 ஆம்பியரில் பலகையைத் தூக்கியது.

அப்போதுதான் பாதியில் நின்றதன் பொருள் முழுதாகப் புரிந்தது. கதவின் கீழே நாய் மாட்டிக்கொண்டால் உடனே நிற்க வேண்டும் அல்லவா? அதற்கென்று தனி உணரி இந்தக் கதவில் கிடையாது. மோட்டார் திணறினால் கரண்ட் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் "ஏதோ தடுக்கிறது" என்று போர்டு முடிவு செய்து நிறுத்தும். முடியும் உப்பும் பலகையை இறுக்கிப் பிடித்ததை அது தடை என்று எடுத்துக்கொண்டது. அதாவது, போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதை மாற்றியிருந்தால் புதுப் போர்டும் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். சில கதவுகளில் இந்த அளவைக் கூட்ட ஒரு திருகு இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். திருகைக் கூட்டினால் கதவு ஏறும், ஆனால் இறங்கும்போது நாயின் இடுப்பில் நிற்காமல் அழுத்தும்.

மூன்றாம் நாள் கதவு முழுக்க ஏறியது. இறங்கும்போது புதுத் தொல்லை. தரையைத் தொட்டதும் நிற்காமல் இன்னும் அழுத்தி, பிறகு மேலே ஏறி, மறுபடி இறங்கி, இப்படி மூன்று முறை. கீழே வந்து சேர்ந்துவிட்டோம் என்ற செய்தி போர்டுக்குப் போகவில்லை என்று தோன்றியது. கீழ் ரீட் சுவிட்சின் கம்பிகளில் மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, கையில் ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சத்தமே இல்லை. உறையை உரித்தால் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு. அதே உப்புத் தண்ணீர் வாசற்படி வழியே கசிந்து இறங்கியிருக்கிறது.

ரீட் சுவிட்ச் என்பது விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். விலை அற்பம். ஆனால் அதன் காலை வளைக்கும்போது அவசரப்பட்டால் கண்ணாடி விண்டுவிடும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. குழாய்க்கும் வளைக்கும் இடத்துக்கும் நடுவில் கூர்மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு, குறட்டுக்கு வெளியே இருக்கும் பகுதியை மட்டும் வளைக்க வேண்டும். சால்டர் வைக்கும்போதும் குறடு அங்கேயே இருந்தால் சூடு கண்ணாடிக்குப் போகாது. பச்சை பிடித்த கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புதுத் துண்டு இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, இந்த முறை சிலிக்கோன் பசையால் இணைப்பு முழுவதையும் மூடினேன்.

கதவு சரியாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தால், இரவு பதினொன்றரைக்குத் தானாகத் திறந்தது. செவலை கட்டிலுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள். இதை விளையாட்டாக விட முடியாது. எங்கள் தோட்டத்துக்கு ரக்கூன் என்ற காட்டு விலங்கு வரும். திறந்த கதவைக் கண்டால் சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிடும். மறுநாளும் இரண்டு முறை திறந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தது என் மகள். "அப்பா, அம்மா வேலையிலிருந்து வந்து சாவியை மாட்டுறப்பதான் திறக்குது." சாவி மாட்டும் ஆணி, கதவிலிருந்து நான்கடி தூரத்தில். கொத்தை எடுத்துக் குலுக்கினேன், கதவு மேலேறியது.

உலோகம் உலோகத்தில் மோதினால் நம் காதுக்குக் கேட்கும் சத்தத்தோடு கேட்காத மீயொலியும் சேர்ந்தே வரும். 1956-இல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தது. ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளரின் வேலை அது. பேட்டரியே கிடையாது, பொத்தானை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், அந்த மீயொலியைக் கேட்டு டிவி சேனல் மாற்றும். அந்தக் காலத்து வீடுகளிலும் சாவிக்கொத்து குலுங்கினால் சேனல் மாறியதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதேதான். இவ்வளவு நாள் ஏன் நடக்கவில்லை என்றால், சுத்தம் செய்தபோது உள்பக்க உணரியின் தூர அளவுத் திருகை நான் அறியாமல் கூட்டி வைத்திருக்கிறேன். அதைக் குறைத்து, அவள் மூக்கு கதவிலிருந்து இரண்டடிக்குள் வந்தால் மட்டும் திறக்கும்படி வைத்தேன். சாவி ஆணியை முன்வாசலுக்கு மாற்றினோம். கழுத்துப்பட்டைப் பேட்டரியும் 2.6 வோல்ட்டுக்கு வந்திருந்தது, புதிது போட்டாயிற்று. அதில் தொங்கிய இரண்டு பெயர்த் தகடுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நடுவே ரப்பர் வளையம் மாட்டினேன்.

நாயை விடுவதற்கு முன் சோதனை. சமையலறை பேப்பர் டவல் சுருளைக் கதவுக்குக் கீழே நிறுத்திப் பலகையை இறங்கவிட்டேன். தொட்டதும் நின்று மேலே ஏறியது, சுருளில் பள்ளம்கூட விழவில்லை. பிறகு என் முழங்கையை வைத்தேன். வலிக்கவில்லை. பத்து முறை செய்தேன், பத்து முறையும் ஏறியது. மூட்டு வலி உள்ளவள் தாண்ட நேரமெடுக்கும் என்பதால், திறந்தபடி நிற்கும் நேரத்தையும் இருக்கிற அதிகபட்ச அளவுக்கு வைத்தேன்.

செவலை வரவில்லை. கதவு ஏறும் சத்தம் கேட்டதும் இரண்டடி பின்னால் போய், காதை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இதற்கு மீட்டரும் குறடும் உதவாது. சனி ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் வீட்டிலிருக்கும்போது ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாகக் கதவைத் திறந்தே நிற்கும்படி வைத்தோம். ஹீட்டர் பில் ஏறினால் ஏறட்டும். மனைவி கோழி ஈரலை மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து, பட்டாணி அளவில் நறுக்கிக் கொடுத்தாள். மருத்துவர் சொல்லும் உணவு தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்பதால் நாளுக்கு ஆறே துண்டு. மகள் கம்பளிக் கோட்டோடு வெளியே உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் தலை, பிறகு முன்னங்கால். ஞாயிறு மதியம் முழு உடம்பும் தாண்டியது. அதற்குப் பிறகு மோட்டாரை ஓட்டிப் பழக்கினோம், அவள் பார்வையிலேயே ஏறவும் இறங்கவும் விட்டு. திங்கட்கிழமை காலை நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே சத்தம், பிறகு தரையில் நகம் படும் ஓசை.

இப்போது வாசற்படிக்கு உள்ளே ஒரு சொரசொரப்பான மிதியடி போட்டிருக்கிறேன், பாதத்து உப்பு அங்கேயே உதிரட்டும் என்று. குளிர்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மயிர்ப்பட்டையை ஈரத்துணியால் ஒத்தி எடுக்கிறேன். வசந்தத்தில் அவள் முடி கொட்டும் காலம் முடிந்ததும் பல்சக்கரத்தைத் திறந்து பார்ப்பேன். இன்னொரு நைலான் சக்கரம் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தாயிற்று. மோட்டார் மூடியின் உட்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி, இன்றைய தேதியையும் ஏறும்போது 0.5, இறங்கும்போது 0.3 என்ற இரண்டு எண்களையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். 0.8 தாண்டினால் அன்றைக்கே கழற்றிவிடுவது என்று மனைவியிடமும் சொல்லி, மீட்டரை எப்படி வைப்பது என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.